கால் தாங்காது

பெட்டியின் பன்னிரண்டாவது திருகாணி மட்டும் வர மறுத்தது. சௌந்தரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டி, திருப்புளியின் மேல் உடம்பின் பாரத்தையெல்லாம் ஏற்றித் திருகிக்கொண்டிருந்தார். இறந்தவனுக்குத் தாய்மாமன் அவர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெருவில் நல்லதோ கெட்டதோ அவர் இல்லாமல் நடக்காது.

“சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்க ஏட்டையா” என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர்.

“பொறுலே. உள்ள இருக்கது எம் மருமகன்.”

பெட்டி வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். நடை குறுகல், திரும்ப இடமில்லை. கடைசியில் தெருப்பந்தலிலேயே இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். பாண்டிச்செல்வம் செத்துப் பதினொரு நாளாகியிருந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன், இந்தத் தடவை திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை, ராஜபாளையம் வழியாக ஒரு வண்டி முழுக்கத் தனக்கே என்று படுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டான்.

மூடியைத் தூக்கியதும் பெண்களின் அழுகை ஒரே மூச்சில் எழுந்தது. கார்த்திகா மட்டும் அழாமல் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். நெற்றியின் ஓரத்தில் ஏதோ மாவைப் பூசிக் காயத்தை மறைத்திருந்தார்கள். மூன்று வருஷக் கல்யாணத்தில் அவனோடு சேர்ந்து இருந்தது ஐந்து மாதம். மிச்சமெல்லாம் போனிலேயே நடந்த குடித்தனம்.

“மாமா, கால அவுத்துக் காட்டுங்க” என்றாள்.

“என்னம்மா சொல்லுத?”

“நாலு மாசமாக் கால், காலுன்னுதான் சொன்னாக. நான் பாக்கணும்.”

கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காத்திருக்கவில்லை. முழங்காலிலிருந்து பாதம்வரை சுற்றியிருந்த துணியின் நுனியைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டே பிரித்தாள். ராஜபாளையத்துப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு ஆயிரம் சுருள் பார்க்கிற கை.

இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. வீக்கமில்லை, கட்டியில்லை. மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடது கெண்டைக்காலில் சின்ன வயதில் நாய் கடித்த தழும்பு மட்டும் வெளிறிக் கிடந்தது. கார்த்திகாவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. இந்தக் காலையா மாத்தணும், மாத்தணும் என்று சொன்னாய், என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் சுவரோரம் உட்காரவைத்தார்கள். வலப்பக்கம் கூமாப்பட்டியிலிருந்து வந்த அவளுடைய சொந்தங்கள், இடப்பக்கம் மாமியார் வெள்ளத்தாயின் சொந்தங்கள். எழுந்தால் யாராவது கையைப் பிடித்தார்கள், தண்ணீர் கேட்டால் நாலு சொம்பு வந்தது. ஜன்னலிலும் முகங்கள். புருஷன் செத்தவளைத் தனியாக விடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூச்சு விடக்கூடக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெட்டியோடு வந்தவன் அப்போதுதான் உள்ளே வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஜெபின் என்று பேர். நாசரேத்துப் பக்கத்துக்காரன். அரபு நாட்டில் பாண்டிச்செல்வம் வேலை பார்த்த போட் யார்டின் ஆபீசில் இருக்கிறவன். ராத்திரியெல்லாம் தூங்காத கண். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

“அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஒரு கையெழுத்து வேணும்” என்றான்.

ஒரே தாள். பாதி இங்கிலீஷ், பாதி அரபி. சௌந்தரபாண்டியன் பின்னாலேயே வந்து நின்றார்.

“படிச்சுச் சொல்லுங்க தம்பி.”

“சோதனை ஓட்டத்துல விபத்து. ஓட்டினது அண்ணன்தான். பராமரிப்புல கவனக்குறைவு. அதுக்கு முன்னால அவரு எந்தக் கோளாறும் ஆபீசுக்குச் சொல்லல. குடும்பத்தாருக்கு இதுல ஆட்சேபம் இல்ல. அம்புட்டுதான்.”

“கவனக்குறைவுன்னா?” என்றாள் கார்த்திகா. “அவிய மேல தப்புன்னா?”

ஜெபின் தாளைப் பார்த்தான். சௌந்தரபாண்டியன்தான் பதில் சொன்னார்.

“நான் எத்தனையோ பிரேதத்துக்குப் பேப்பர் எழுதினவன். எழுதினதுக்கும் நடந்ததுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்லம்மா. விஜயபாண்டி பாஸ்போர்ட்டு அவங்க ஆபீஸ்ல இருக்கு. நீ கையெழுத்துப் போட்டா இன்னைக்கு ராத்திரியே அவன ஏத்தி விட்டுருவாங்களாம். கருமாதிக்கு வந்துருவான். போடலைன்னா விசாரணை முடியட்டும்பாங்க. அது எப்ப முடியும், யாருக்குத் தெரியும்?”

விஜயபாண்டி பாண்டிச்செல்வத்தின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் போட் யார்டுக்குப் போன இரண்டாம் வருஷமே தம்பியையும் அங்கே இழுத்துக்கொண்டான். அண்ணனைப் பெட்டியில் ஏற்றுகிறபோது தம்பியும் கூட வந்திருக்க வேண்டும். கம்பெனி விடவில்லை.

வெள்ளத்தாய் நகர்ந்து வந்து மருமகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“ஏட்டி, போனவன் போயிட்டான். இருக்கவனையாவது எங் கண்ணுல காட்டு. உன் காலுல விழுதேன்.”

கார்த்திகா அவள் கையை எடுத்துவிட்டாள். தாளில் பேனாவை வைக்குமுன் ஜெபினிடம் கேட்டாள்.

“எப்படி நடந்துச்சு? ஒருத்தரும் எனக்கு ஒழுங்காச் சொல்லல.”

ஜெபின் சொன்னான். விரல்களைக் கொண்டே படகு செய்து காட்டினான். “இதுதான் போட்டுன்னா, எஞ்சின் உள்ள பின்பக்கம் இருக்கும். அதோட சக்தியத் தண்ணிக்குள்ள எறக்கி விசிறியச் சுத்த விடுத சாமான் வெளிய பின்னால தொங்கும். உள்ள முழுக்கப் பல்சக்கரம், எண்ணெயில முங்கிக் கெடக்கும். அது நானூத்தி முப்பது குதிரைசக்திக்குச் செஞ்சது. போட்டோட மொதலாளி வேகம் பத்தலன்னு எஞ்சின மட்டும் மாத்தி அறுநூறு குதிரையக் கொண்டாந்து வச்சிட்டாரு. அலையில போட்டு தாவும்ல்லா, அப்ப விசிறி காத்துல சுத்தும். திரும்பத் தண்ணியில விழும்போது அம்புட்டு அடியும் அந்தப் பல்லு மேலதான் விழும். அன்னைக்கு நல்ல வேகத்துல இருக்கும்போது பல்லு பேந்து லெக்கு அப்படியே இறுகிட்டு. போட்டு ஒரு சுத்து சுத்துச்சு. அண்ணன் வெளிய விழுந்துட்டாரு.”

“என்னது இறுகுச்சு?”

“லெக்கு. அந்தப் பின்னால தொங்குத சாமான நாங்க லெக்குன்னுதான் சொல்லுவோம். அண்ணன் மட்டும் இங்கிலீஷ்ல சொல்ல மாட்டாரு. காலு, காலும்பாரு.”

கார்த்திகா பேனாவைக் கீழே வைத்தாள்.

“எனக்குக் கொல்லைப்பக்கம் போகணும்” என்றாள். இரண்டு பெண்கள் கூடவே எழுந்தார்கள். குளியலறைக் கதவுவரை வந்தார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். வேலை முடிந்து கேம்ப்புக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவன் அனுப்புகிற குரல் பதிவுகள். அந்தப் பதினொரு நாளில் அவற்றைத் தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. இப்போது காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

“ஏட்டி, சாப்ட்டியா? இன்னைக்கும் கால்தான் பாடாப் படுத்திருச்சு. ஓடி முடிச்சு வந்து தொட்டா கை வைக்க முடியல, அம்புட்டுச் சூடு.”

விளக்கெண்ணெய் தடவுங்க என்று அவள் பதில் அனுப்பியிருந்தாள்.

“எண்ணெய் அஞ்சு நாள்லயே கருத்துப் போகுது. ஒரு மாசம் வர வேண்டிய எண்ணெய்.”

அழுக்கோட தேச்சா கருக்காம என்ன செய்யும், நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத் தேயுங்க. இதுவும் அவள்தான்.

“இப்ப கால்ல சத்தம் வருது. கடகடங்குது. திரும்பும்போது கூடுதலாக் கேக்குது.”

அதைக் கேட்டுத்தான் முடக்கத்தான் கீரையை மொட்டைமாடியில் காயவைத்து இடித்துப் பொடியாக்கி, வத்திராயிருப்பிலிருந்து அந்தப் பக்கம் போன ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அரைக் கிலோ. அந்தப் பையன் விமான நிலையத்தில் இது என்ன பச்சைப் பொடி என்று கேட்ட ஆபீசருக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறிப்போனானாம்.

கடைசிக்கு முந்தினது, செத்துப்போவதற்கு ஆறு நாள் முன்னால். குரலில் சடைவு இருந்தது. “யார்டு பெரியவர்ட்ட மூணு தடவ சொல்லிட்டேன். இந்தக் கால் தாங்காது, மாத்தணும்னு. காதுலயே போட்டுக்க மாட்டேங்காரு. ஓட்டு, ஓட்டுங்காரு.”

அன்றைக்கு அவள் ராத்திரி முழுக்க அழுதாள். முப்பத்திநாலு வயசில் மூட்டு மாற்றுகிற ஆப்பரேஷனா? அங்கே எவனிடமும் கத்தி வைக்க விடாதீங்க, ஊருக்கு வாங்க, மதுரையில நல்ல டாக்டர் இருக்காக, என்று ஐந்து நிமிஷத்துக்குப் பேசி அனுப்பினாள். அதற்குத்தான் அந்தக் கடைசிப் பதிவு வந்தது. முதலில் வெறும் சிரிப்பு. விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து சீட்டுக்காரன் என்னவென்று கேட்பது கூடக் கேட்டது. “அடி கோட்டி. அடி கோட்டிக்காரி. இத நான் இப்பச் சொல்ல மாட்டேன். வந்து சொல்லுதேன். அப்ப நீயே சிரிப்ப.”

கார்த்திகா குழாயடியில் குத்தவைத்து, சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் போனதிலிருந்து முதல் தடவையாக அழுகிறாள். நாலு மாதம் அவன் தன் சாவைப் பற்றியே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் எண்ணெய்க்கும் கீரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். புரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

கையிலேயே போன் நடுங்கியது. விஜயபாண்டி.

“மதினி” என்றான். அந்தப் பக்கமும் தண்ணீர் விழுகிற சத்தம். “பாத்ரூம்ல நின்னு பேசுதேன். வெளிய ஆள் நிக்கான். அண்ணன் வந்துட்டாகளா?”

“வந்துட்டாக. விஜயபாண்டி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. கால் தாங்காதுன்னு அவிய சொன்னாகளா?”

குழாயை இன்னும் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

“சொன்னாக மதினி. மூணு தடவை. நான் பக்கத்துல நின்னேன். எண்ணெயத் தட்டுல ஊத்திக் காட்டினாக, இரும்புத்தூளு மினுமினுன்னு கெடந்துச்சு. அதத் தொடச்சிட்டுப் புது எண்ணெய ஊத்தி ஓட்டுன்னுட்டாங்க.”

“அப்ப இந்தப் பேப்பர்ல நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுவேன்?”

“போடாதீகன்னுதான் சொல்ல நெனைச்சேன் மதினி. சாமி சத்தியமா.” அவன் மூக்கை உறிஞ்சினான். “ஆனா ரெண்டாவதா ஒரு போட்டு இருக்கு. அதே எஞ்சின். அதே கால். நாளைக்குக் காலைல ஓட்டிக் காட்டணும். அதுக்கு என் பேரத்தான் போட்டிருக்காங்க.”

வெளியே நின்ற பெண் கதவைத் தட்டினாள். “ஏட்டி கார்த்திகா, என்னட்டி பண்ணுத?” அங்கேயும் யாரோ தட்டினார்கள். விஜயபாண்டி “வைக்கேன் மதினி” என்று வைத்துவிட்டான்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெபின் கொல்லையில் சிமெண்டுத் தொட்டியோரம் நின்றிருந்தான். கூட வந்த பெண்களை, “செத்த நேரம் தள்ளி நில்லுங்க, பேப்பர் விஷயம்” என்று அனுப்பினாள். பேப்பர் என்றதும் அவர்கள் மரியாதையாக விலகினார்கள்.

கடைசிக்கு முந்தின பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினாள். இந்தக் கால் தாங்காது என்று பாண்டிச்செல்வம் கொல்லையில் நின்று சொன்னான். ஜெபின் தலையைக் குனிந்துகொண்டான்.

“தெரியுமா உங்களுக்கு?”

“ரெண்டாவது தடவை எழுதியே குடுத்தாரு. நான்தான் அத இங்கிலீஷ்ல மாத்தி டைப் அடிச்சேன்.”

“அந்தப் பேப்பர் எங்க?”

“இப்ப இல்ல அக்கா.”

“இந்தப் பேப்பரையும் நீங்கதான் டைப் அடிச்சீகளா?”

அவன் கோப்பைத் திறந்து தாளை நீட்டினான். அவன் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிற வயசில் இருக்கும். அவனைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. திட்டி என்ன ஆகப்போகிறது? அவனும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறான். அவனுடையதற்கு இன்னும் மூடி போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தலிலிருந்து சௌந்தரபாண்டியன் குரல் கொடுத்தார். “நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள எடுக்கணும். என்னம்மா, ஆச்சா?”

கார்த்திகா துவைக்கிற கல்லின் மேல் தாளை விரித்தாள். ஜெபின் பேனாவைக் கொடுத்தான். கையெழுத்துக்கென்று கீழே ஒரு கட்டம் இருந்தது, தாராளமான கட்டம். எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிளஸ் டூ முடித்தபிறகு கையெழுத்தைத் தவிர அவள் ஒன்றும் எழுதியதில்லை. பொடி எழுத்தில், ஒரு வரிக்கு இடம் போதாமல், இரண்டு வரியாக எழுதினாள்.

ஜெபின் எடுத்துப் பார்த்தான். கட்டத்துக்குள், “இந்தக் கால் தாங்காது என்று என் கணவர் மூன்று தடவை சொன்னார். கார்த்திகா பாண்டிச்செல்வம்” என்று இருந்தது.

திரும்பவும் வாசித்தான். உதடு அசைந்தது.

“இதுவா அக்கா கையெழுத்து?”

“ஆமா.”

“நீளமா இருக்கே.”

“எம் பேரு நீளம்.”

ஜெபின் அவளைப் பார்த்தான். பிறகு பந்தல் பக்கம் பார்த்தான். வெயிலில் தாளை நேராகப் பிடித்து, நிழல் விழாமல் ஒரு படம் எடுத்து அனுப்பினான். தெருவில் பறை காய்ச்சுகிற வாசம் வந்தது. இரண்டு நிமிஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

“சரின்னுட்டாங்க” என்றான். “ஆபீஸ்ல இத வாசிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஒரிஜினல் ஃபைல்ல இருக்கும். என்னைக்காவது எவனாவது எடுத்து வாசிச்சான்னா…”

“வாசிக்க மாட்டாங்க” என்றாள் கார்த்திகா. ஏன் எழுதினாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டியருகில் போய் நின்றிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பதினொரு நாள் ஆன உடம்பு, குளிப்பாட்டக் கூடாது என்று ஜெபின் சொல்லிவிட்டதால் மூன்று சொம்புத் தண்ணீரைப் பேருக்குப் பாதத்தில் ஊற்றினார்கள். நீர்மாலை, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி. அவளை இழுத்துப்போய் நிறுத்தினார்கள், இழுத்துப்போய் உட்காரவைத்தார்கள். கழுத்தில் கிடந்த மாலையை எடுத்து அவன்மேல் போடச் சொன்னார்கள். போட்டாள். கொள்ளி வைக்கத் தம்பி இல்லாததால் சௌந்தரபாண்டியனே தலையை மழித்துக்கொண்டு தீச்சட்டியோடு முன்னால் நின்றார். ஏட்டையாவை மொட்டைத்தலையோடு பார்க்கச் சின்னப்பிள்ளைபோல இருந்தது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை.

நாலு மணி கடந்து பாடையைத் தூக்கினார்கள். சாலியர் தெரு முக்குவரைதான் பெண்கள் போகலாம். அங்கே கிழக்கே திரும்பினால் சுடுகாட்டுப் பாதை. முக்கில் பெண்களெல்லாம் நின்றார்கள். வெள்ளத்தாய் தெருமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கார்த்திகாவின் போனுக்கு ஜெபின் டிக்கெட்டை அனுப்பினான்.

அவள் மாமியார் பக்கத்தில் குனிந்து போனைக் காட்டினாள். “அத்தை, சின்னவருக்கு டிக்கெட்டு வந்துருச்சு. இன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு ஏறுதாரு.”

வெள்ளத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “எங்கட்டி இருக்கு அவன் பேரு?”

கார்த்திகா காட்டுவதற்குள் அவளாகவே ஒரு விரலை வைத்தாள். அந்த இடத்தில் விமானக் கம்பெனியின் பேர்தான் இருந்தது.

“இதுவா?”

“ஆமா அத்தை.”

“எந்த எடத்துல உக்காருதான்?”

“ஜன்னலோரம்.”

“நல்லதாப் போச்சு. அவனுக்குத் தூரமாப் போனா கொமட்டும்.” பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோல அந்த எழுத்தைத் தடவினாள். திரை இருண்டது. “ஐயோ, போயிருச்சேட்டி” என்று பதறினாள். கார்த்திகா தொட்டு மறுபடி வெளிச்சம் வரவைத்தாள். வெள்ளத்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் போனைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். விடவில்லை.

பறைச் சத்தம் முக்குத் திரும்பியது. சுற்றி நின்ற பெண்கள் தலைக்குமேல் கையைத் தூக்கிக் கும்பிட்டு ஓவென்று அழுதார்கள். வெள்ளத்தாய் நிமிரவில்லை. குனிந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பிக் கார்த்திகா பார்த்தாள். பாடையின் பின்பக்கம் தெரிந்தது, ஒரு மாலையின் நுனி தெரிந்தது. ஒரு கையை மாமியார் பிடித்திருந்தாள். இன்னொரு கையை மட்டும் நெஞ்சுவரை தூக்கிவிட்டு, எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.